கட்டுரையைப் பக்கம் பக்கமாக வெட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்து ஊர்ச் செய்தித் தளம் நடத்துகிறவர்கள், ஒரு கட்டுரையை ஐந்தாறு பக்கமாக வெட்டும் முன் அது யாருக்காக என்று யோசித்துவிட வேண்டும். பெரும்பாலும் அது விளம்பரத்துக்காகத்தான். ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்ற கணக்கில் பணம் வருவதால், ஆறு பக்கமாக்கினால் விளம்பரங்கள் ஆறு தடவை ஏறும், பார்வை எண்ணிக்கையும் ஆறாகக் கூடும். படித்தவர் என்னவோ அதே ஒருவர்தான். அந்த எண்ணிக்கையை வாசகர் கூட்டம் என்று நம்புவது முதல் தவறு.

"பக்கம் சின்னதாக இருந்தால் சீக்கிரம் திறக்குமே" என்று கேட்கலாம். தொலைபேசிக் கம்பி வழியாக மெதுவாக இணையம் வந்த டயல்-அப் காலத்தில் அது சரி. இன்று எழுத்துக்கு ஆகும் டேட்டா மிகக் குறைவு. கனமானவை படங்களும் விளம்பரங்களும். படத்தை, வாசகர் அந்த இடத்துக்கு நகர்ந்து வரும்போது மட்டும் இறங்கும்படி வைக்கும் வசதி பிரௌசர்களிலேயே இருக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பவரை நினைத்துப் பாருங்கள். முழுக் கட்டுரையும் ஒரே தடவையில் இறங்கியிருந்தால் சிக்னல் போனாலும் படித்துக்கொண்டே போவார். பக்கம் பக்கமாக வெட்டியிருந்தால், அடுத்த பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றுவதைத்தான் பார்ப்பார்.

முக்கியமான தகவலைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது இதைவிட மோசம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வெளியூர்க்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஏழாவது பக்கத்தில் வைத்தால், பாதியில் மூடிவிட்டவர் தக்கலை வரை வந்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புவார். மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் எத்தனை பேரைக் கடலில் இழந்தோம் என்பது தூத்தூர் பக்கத்து வீடுகளுக்குத் தெரியும். எச்சரிக்கையில் நாள், கடல் பகுதி, காற்றின் வேகம் எல்லாம் முதல் திரையிலேயே இருக்க வேண்டும்.

வெட்டும் இடத்திலும் தவறு நடக்கிறது. குமரி, தாய்த்தமிழகத்தோடு இணைந்த வரலாற்றை எழுதும்போது, இணைப்புக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11-ல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய வரியில் நிறுத்தி, "அடுத்து என்ன நடந்தது? கிளிக் செய்யுங்கள்" என்று போடுவது எனக்குப் பொறுக்காது. அது உயிர்களை வைத்துத் தூண்டில் போடுவது. நீளம் காரணமாகப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் போராட்டம் ஒரு பகுதி, 1956 நவம்பர் 1 இணைப்பு இன்னொரு பகுதி என்று பொருள் திரும்பும் இடத்தில் பிரிக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தலைப்பு, மேலே எல்லாப் பகுதிகளுக்கும் இணைப்பு, கூடவே "ஒரே பக்கமாகப் படிக்க" என்று ஒரு வழி. அச்செடுக்கும் ஆசிரியர்களுக்கு அது பேருதவி.

"அடுத்து" பொத்தானை விளம்பரத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள். வயதானவர்களின் விரல் விளம்பரத்தில்தான் போய் விழும், அப்புறம் அவர்கள் உங்கள் தளத்துக்கு வர மாட்டார்கள்.

தேடுபொறி விஷயத்தில், எல்லாப் பக்கங்களுக்கும் மூல முகவரியாக, அதாவது தேடலில் எந்த முகவரியை எடுக்க வேண்டும் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கலாக, முதல் பக்கத்தையே காட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பின்பக்கங்களில் உள்ளவை தேடலில் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியையே காட்ட வேண்டும். முழுக் கட்டுரைப் பக்கம் இருந்தால் எல்லாம் அதைக் காட்டலாம். முந்தைய பக்கம் எது, அடுத்த பக்கம் எது என்று தேடுபொறிக்குக் குறிக்கும் பழைய குறியீட்டைத் தாங்கள் இப்போது பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019-லேயே சொல்லிவிட்டது.

வெட்டு வேண்டாமென்று முடிவெடுத்தவர்கள் சிலர், ஒரு கட்டுரை முடிந்ததும் அடுத்த கட்டுரை தானாக ஓடிவரும்படி வைக்கிறார்கள். எங்கே முடிந்தது என்றே தெரியாது. அடியில் இருக்கும் தொடர்பு எண்ணை எட்டவும் முடியாது. கட்டுரை முடிந்த இடத்தில் பக்கமும் முடியட்டும். அடுத்ததற்கு ஓர் இணைப்பு கொடுத்தால் போதும்.