டென்வர் பீர் திருவிழா: முப்பது மில்லியாகக் குடிப்பது எப்படி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வரில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கதவு திறந்ததும் கண்ணில் பட்ட முதல் மேசையில் நின்று, ஐபிஏ என்கிற கசப்பு தூக்கலான பீர்களில் பெயர் நன்றாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் குடித்ததில் ஒரு மணி நேரத்திலேயே நாக்கு மரத்துப்போய்விட்டது, அதற்கப்புறம் யார் எதை ஊற்றினாலும் ஒரே கசப்பு. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் தவறவிட்ட பீர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கையில் ஒரு சின்னக் கோப்பை, அதில் ஒவ்வொரு முறையும் ஒரு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 30 மில்லி ஊற்றுவார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும். பார்த்தால் ஒரு வாய்க்குக்கூடக் காணாது என்று தோன்றும். ஆனால் இருபது முறை வாங்கினால் 600 மில்லி. 5 சதவீத ஆல்கஹால் உள்ள லேசான பில்ஸ்னர் என்றால் பரவாயில்லை, அதுவே 12 சதவீதம் உள்ள, கறுத்துக் கனமான இம்பீரியல் ஸ்டவுட் என்றால் சாதாரண பீர் டின் நான்கைக் காலி செய்ததற்குச் சமம். பாதி பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் நான் இப்போதெல்லாம் இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்கிறேன், அதிலும் பிடிக்காததை முழுசாகக் குடிப்பதில்லை. மேசைகளில் மிச்சத்தைக் கொட்ட வாளி வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் கொட்டுங்கள். ஊற்றியவர் எதிரிலேயே நின்றாலும் தப்பாக நினைக்கமாட்டார், அவரும் அடுத்த மேசையில் அதைத்தான் செய்கிறார்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. தேதியையும் இடத்தையும் அந்த வருட அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துவிட்டு ஹோட்டல் போடுங்கள். 21 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, தலை நரைத்திருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அசல் பாஸ்போர்ட்டையே கொண்டு போங்கள். என்னோடு வந்த நண்பர் ஒருவர் காலாவதியான ஓட்டுநர் உரிமத்தோடு வந்து வாசலிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. கார் வேண்டவே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு ரயில் இருக்கிறது, நாற்பது நிமிடத்துக்குள் ஊருக்குள் வந்துவிடலாம். அப்புறம் டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிற ஊர், காற்று உலர்ந்து கிடக்கும். வந்து இறங்கியதிலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பிரெட்செல், அதாவது முடிச்சு வடிவத்தில் சுட்ட மொறுமொறுப்பான உப்புத் தின்பண்டம், அதில் மாலை ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். அங்கே பாதிப் பேர் கழுத்தில் அது தொங்கும், பார்க்க விளையாட்டாக இருந்தாலும் உள்ளே அதைப் போல உதவுவது வேறில்லை. கெட்டியான நூலை இரண்டு முழம் எடுத்து, சின்ன பிரெட்செல்களை அவற்றின் ஓட்டை வழியாகவே கோத்து, நாலைந்துக்கு ஒருமுறை ஒரு முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இல்லாவிட்டால் ஒன்றைக் கடித்து இழுக்கும்போது மற்றதெல்லாம் சரிந்து கீழே கொட்டிவிடும். உப்பு குறைவானதாகப் பார்த்து வாங்குங்கள், நாக்கைத் துடைப்பதுதான் அதன் வேலை.

சரி, உள்ளே போயாகிவிட்டது. சத்தம் காதை அடைக்கும், யாராவது கோப்பையைக் கீழே போட்டுவிட்டால் மண்டபமே "ஓ" என்று கத்தும். பயப்படாதீர்கள், அது இந்தத் திருவிழாவின் பழக்கம். பீர் காய்ச்சும் ப்ரூவரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். முந்தின நாளே பட்டியலைப் பார்த்துப் பத்து ப்ரூவரிகளைக் குறித்துக்கொண்டால் போதும், மீதி வழியில் அகப்படும். லேசானதில் தொடங்குங்கள்: பில்ஸ்னர், கோதுமை பீர், பிறகு புளிப்பு வகைகள், அதற்கப்புறம் ஐபிஏ, கடைசியில் ஸ்டவுட்டும் மரப்பீப்பாயில் ஊறியதும். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்கிற பூ, ஐபிஏயில் அதன் கசப்பு நாக்கில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஸ்டவுட்டின் வறுத்த வாசனை அதற்குப் பின் வருவதை எல்லாம் மூடிவிடும். இந்த வரிசைக்கு அதுதான் காரணம்.

புளிப்பு வகையில் கோஸா என்று ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஜெர்மனியில் பிறந்த வகை, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுச் செய்வது. தயிரைப் புளிக்க வைக்கிற இனத்துப் பாக்டீரியாக்கள்தான் இதையும் புளிக்க வைக்கின்றன, அதனால் முதல் வாய் உள்ளே போனதும் எனக்கு வெயில் காலத்து நீர்மோர்தான் ஞாபகம் வந்தது. பீர் என்றாலே கசப்பு என்று ஒதுங்குகிற நண்பர் கூட வந்தால் அவருக்கு இதை முதலில் கொடுங்கள்.

இலையுதிர் காலத்துத் திருவிழா என்பதால் கிடைக்கிற ஒரு பெரிய நன்மை, பச்சை ஹாப்ஸ் போட்ட பீர். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஹாப்ஸ் அறுவடை, பறித்ததைக் காயவைக்காமல் உடனே ப்ரூவரிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொப்பரையில் போட்டு எடுப்பது இது, வருடத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். ஒரு மேசையில் இதைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா ஒரு டப்பாவைத் திறந்து நாலு ஹாப்ஸ் பூவை என் உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையாலும் கசக்கச் சொன்னார். மஞ்சள் தூள் மாதிரி ஏதோ கையில் ஒட்டியது, முகர்ந்தால் மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது வடிகிற பாலின் அதே வாசனை! மிர்சீன் என்கிற பொருள் மாங்காய்ப் பாலிலும் ஹாப்ஸிலும் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அவர் ஊற்றிய 30 மில்லியை நான் ஐந்து நிமிடம் குடித்தேன்.

இப்படி ஆக வேண்டுமென்றால் பேச வேண்டும், பேச வேண்டுமென்றால் கூட்டம் குறைவான மேசைக்குப் போக வேண்டும். திருவிழாவோடு நடக்கும் பீர் போட்டியில் பதக்கம் அறிவித்ததும் தங்கம் வாங்கியவர்கள் முன் வரிசை சுவர் வரை நீளும், அங்கே நின்று நேரத்தை வீணாக்காதீர்கள். ஓரத்தில் பேர் தெரியாத ஊரிலிருந்து வந்து சும்மா நிற்கிறவரிடம் போங்கள். "இதில் நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போக நினைப்பது எது?" என்று கேளுங்கள், பெரும்பாலும் பட்டியலில் முதலில் இருப்பதைச் சொல்லமாட்டார், சொல்கிற பீர் தப்பாகவும் இருக்காது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவதைப் பரப்பிய சார்லி பபாசியன் 1982இல் பக்கத்து ஊரான போல்டரில் இந்தத் திருவிழாவைத் தொடங்கியபோது வந்தது இருபது சொச்சம் ப்ரூவரிகள்தான், அந்த நாளில் எல்லா மேசையிலும் இப்படிப் பேசியிருக்க முடியும்.

குடித்ததை உடனே குறித்து வையுங்கள், பெயரும் ஒரு வார்த்தையும் போதும். கடைசி அரை மணி நேரத்தில் எழுதியது மறுநாள் புரியாது, அந்த நேரத்துப் பாராட்டுகளை நம்பவும் வேண்டாம்.

மறுநாள் மதியம் யூனியன் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் விங்கூப் என்ற ப்ரூவரிக்குப் போங்கள். 1988இல் திறந்தது, தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஹிக்கன்லூப்பர் பிறகு இந்த ஊர் மேயராகி, மாநில ஆளுநராகி, செனட்டராகவும் ஆனார். முந்தின நாள் குறிப்பில் எந்த வகைக்கு அதிகம் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து, அதில் ஒரு முழு கிளாஸ் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள்.