இறகு கொட்டும் கோழிக்குப் புண்ணாக்கு வைக்கும் முன்

போன வாரம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வண்டியில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து நின்றார். "அண்ணா, கோழியெல்லாம் ரோமம் கொட்டிப்போய் அசிங்கமா நிக்குதுங்க. புரதம் குடுக்கணும்னாங்க. கடலைப் புண்ணாக்கு சல்லிசா கிடைச்சுது, வாங்கியாந்துட்டேன்" என்றார். மூட்டையின் வாயை அவிழ்த்ததும் அடித்த வாடையில் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவன்தான்.

தண்ணீர் வையுங்கள், கூண்டைக் கூட்டுங்கள் என்பதெல்லாம் கோழி வளர்க்கிற யாருக்கும் தெரியும். நானும் செய்து, இப்போது புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

முட்டை இல்லையென்று தீனியைக் குறைப்பது

கோழி ஒன்றேகால், ஒன்றரை வயதில் முதல் தடவை முழுசாக இறகு மாற்றும். அப்புறம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை. தலையிலும் கழுத்திலும் தொடங்கி, நெஞ்சு, முதுகு, இறக்கை என்று போய் வாலில் முடிய 2, 3 மாதம் ஆகும். குஞ்சு பொரித்து இறங்கிய அடைக்கோழியும் பெரும்பாலும் இந்தக் கோலத்துக்கு வந்துவிடும். முட்டை நின்றுபோகும். "சும்மா நிக்கிறதுக்கு எதுக்குத் தீனி?" என்று வீட்டில் கேள்வி வரும்.

சும்மா நிற்கவில்லை. இறகில் 85 முதல் 90 சதவீதம் புரதம்தான். பழசு கொட்டினால் அத்தனையையும் உடம்பு புதிதாகச் செய்தாக வேண்டும். குருணையில் இருக்கும் புரதம் 7, 8 சதவீதம். கம்பில் 11 பக்கம் வரும். வெறும் குருணையை இறைத்துக்கொண்டிருந்தால் கோழி மாதக்கணக்கில் அரைமொட்டையாகவே திரியும். குருணையும் கம்பும் சேர்த்து 8 பங்கு, நல்ல புண்ணாக்கு 2 பங்கு என்று கலந்தால் புரதம் 16 சதவீதத்தைத் தொடும். அந்த 2 பங்கில் ஒன்று சோயா, ஒன்று எள்ளு என்று வைப்பது என் வழக்கம். இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற புரதக்கூறு கடலையிலும் சோயாவிலும் குறைவு, எள்ளில் அதிகம்.

பூசணம் பிடித்த புண்ணாக்கைக் காயவைத்துப் போடுவது

இதைத்தான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

அது ஐப்பசி மாதம், விடாத மழை. கடையில் பாதி விலைக்கு ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு கிடைத்தது. வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பொடி படர்ந்திருந்தது. "வெயில்ல ரெண்டு நாள் போட்டா சரியாயிடும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மொட்டை மாடியில் காயவைத்து, மேலே படிந்ததை விளக்குமாற்றால் தட்டிவிட்டு, இரவில் ஊறவைத்துக் காலையில் தவிட்டோடு பிசைந்து போட்டேன். 22 கோழிகள். முதல் வாரம் ஆசையாகத் தின்றன. இரண்டாவது வாரம் தீனித்தட்டில் பாதி அப்படியே கிடந்தது. முளைக்க வேண்டிய இறகு முளைக்கவில்லை. புரதம் பற்றவில்லை என்று நினைத்து, என் அறிவைப் பாருங்கள், இன்னும் ஒரு பிடி கூட்டிப் போட்டேன். கொண்டை வெளுத்தது. அப்புறம் கழிச்சல். தடுப்பூசி போட்ட கோழிகள்தான், இருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 9 போய்விட்டன. பத்தாவதாகச் செத்ததைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறிய மஞ்சளில் வீங்கிக் கிடந்தது. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. "என்னங்க தீனி போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தப் பூசணத்தின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது கக்கும் நஞ்சு அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு முதன்முதலில் அகப்பட்டது. வெயிலில் காயவைத்தால் பூசணம் வளர்வது நிற்கும். ஏற்கெனவே கக்கிய நஞ்சு எங்கும் போகாது. வேகவைத்தாலும் போகாது. இதில் கொடுமை என்னவென்றால், உடம்பு புரதம் கட்டுவதையே ஈரலில் கெடுப்பது இந்த நஞ்சுதான். நோய் எதிர்ப்பையும் சேர்த்து அடிப்பதால் போட்ட தடுப்பூசியும் வீணாகும். இறகுக்காகப் புரதம் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இறகு முளைக்கவே விடாத பொருளை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன்.

தம்பியின் மூட்டையிலும் ஒரு வில்லையை உடைத்துக் காட்டினேன். அதே பச்சை. "அப்போ மாட்டுக்குப் போட்டுரலாங்களா?" என்றார். கூடாது. மாடு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வரும். குழி வெட்டி, கோழி கிளற முடியாத ஆழத்தில் போட்டு மூடச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம். காசு போட்டு வாங்கியதாயிற்றே.

வாங்கும்போதே ஒரு வில்லையை உடைத்து உள்ளே பாருங்கள். உடைக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்பதால் மேலே சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மழைக்காலத்தில் நான் கடலைப் புண்ணாக்கே வாங்குவதில்லை. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்கும், சீக்கிரம் காறிப்போகும். அதனால் பதினைந்து நாளுக்கு ஆகிற அளவுக்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள். மூட்டையைத் தரையில் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள். ஊறவைத்தது அன்றைக்கே தீர வேண்டும்.

கருவாட்டுத் தூள்

உப்பு. கொன்றுவிடும். உப்பில்லாமல் காய்ந்த மீன் கிடைத்தால் மட்டும்.

அசோலா இருக்கிறதே என்பது

தண்ணீரில் மிதந்து வளர்கிற இந்தச் சின்னப் பெரணிச் செடி நல்ல பொருள்தான், ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். கீரை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், புண்ணாக்குக்குப் பதிலாக அல்ல. கரையான் கிடைத்தால் அதை விடச் சந்தோஷம், கோழிக்கும்.

பேனைப் பார்க்காமல் புரதம் போடுவது

இறகு கொட்டுவதெல்லாம் இறகு மாற்றமில்லை. ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். பேன் ஓடினால், இறகின் அடியில் வெள்ளையாக முட்டை ஒட்டியிருந்தால், முதல் வேலை பேனை ஒழிப்பதுதான். இறகு மாற்றம் என்றால் தோலில் முள் முள்ளாகப் புது இறகு குத்திக்கொண்டு நிற்கும்.

தூக்கிக் கொஞ்சுவது

அந்த முள்ளுக்குள் ரத்தம் ஓடுகிறது. தொட்டால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கொட்டும். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

நிறுத்த மறப்பது

வால் இறகு நீண்டு, கொண்டை மறுபடி சிவந்துவிட்டால் பழைய தீனிக்குத் திரும்பிவிடலாம். மிச்சமாகும் புரதம் எச்சத்தில்தான் போகும்; கூண்டுக்குள் தலையை விட்டால் அந்த நெடியில் கண் எரியும். என்னிடம் அந்த ஐப்பசியில் தப்பிய கீரி நிறப் பெட்டை ஒன்று இறகு முளைத்து முடிக்கவே மாசி ஆயிற்று. சித்திரையில் முட்டை வைத்தது.