வழக்குச் செய்தி வந்ததும் பங்கை விற்காதீர்கள்

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் கோப்பி குடிக்கும்போது தெரிந்த தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோக விசாரணை பற்றி ஏதோ செய்தி. "அண்ணே, ராத்திரி அமெரிக்கச் சந்தை திறந்ததும் எல்லாத்தையும் வித்துடவா?" என்றார். எனக்குப் பழைய காயம் வலித்தது. பங்கு வைத்திருப்பவர்கள் செய்யும் தப்புகள் சில இதோ.

வழக்கையும் போட்டியையும் ஒன்றாகக் குழப்புவது

2023 ஏப்ரல் 26 அன்று, வீடியோ கேம் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாஃப்ட் வாங்கக்கூடாது என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்தது. எம்ஆர்டியில் நின்றபடியே செய்தியைப் படித்துவிட்டு, இரவு 9.30க்குச் சந்தை திறந்ததும் பாதிப் பங்குகளைத் தள்ளிவிட்டேன். முந்தின நாள் வந்த காலாண்டுக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் கிளவுட் தொழில் நன்றாக வளர்ந்திருந்தது, அன்றைக்கே பங்கு சுமார் 7 விழுக்காடு ஏறி முடிந்தது. சில மாற்றங்களோடு அக்டோபரில் ஆக்டிவிஷனும் கைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

சரி, வழக்கில் தப்பித்தால் போதுமா? அமெரிக்க அரசு போட்ட ஏகபோக வழக்கில், 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் மைக்ரோசாஃப்டை இரண்டாக உடைக்க உத்தரவிட்டார், 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் 1999 டிசம்பர் உச்சத்தைப் பங்கு மறுபடி தொட 2016 ஆனது. 1999இல் விலை ஊதிப்போயிருந்தது ஒரு காரணம். இன்னொன்று, 2007இல் ஐபோன் வந்தது, அப்புறம் ஆண்ட்ராய்டு, கைப்பேசிச் சந்தை மொத்தமும் கைநழுவிப் போனது. வழக்கு இல்லாதிருந்தால் அதில் இன்னும் கவனமாக இருந்திருப்போம் என்று பில் கேட்ஸே 2019இல் சொன்னார்.

அதனால் வழக்கு என்றதும் நான் இரண்டைத்தான் பார்க்கிறேன்: தீர்ப்பு எந்த வருமானத்தில் கைவைக்கும், வழக்கு இழுக்கும் வருடங்களில் எந்தப் புதுச் சந்தையைக் கோட்டைவிடுவார்கள். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இப்போது அந்த இடத்தில் நான் வைத்துப் பார்ப்பது செயற்கை நுண்ணறிவு.

அபராதத் தொகையைப் பார்த்து மிரள்வது

2004இல் மைக்ரோசாஃப்ட் மீது ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதம் 49.7 கோடி யூரோ. அப்போது கம்பெனியின் ரொக்கக் கையிருப்பே 5,000 கோடி அமெரிக்க வெள்ளிக்கும் மேல்.

எல்லா விசாரணையும் ஒன்றென்று நினைப்பது

கூட்டம், அரட்டைக்கான டீம்ஸ் செயலியை மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு சேர்த்து விற்ற விவகாரம் 2025 செப்டம்பரில் அபராதமே இல்லாமல் முடிந்தது. டீம்ஸ் சேராத ஆபீஸைக் குறைந்த விலைக்கு விற்கிறோம் என்ற உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் ஏற்றுக்கொண்டது.

வரியை மறப்பது

ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டை அமெரிக்காவிலேயே பிடித்துக்கொள்வார்கள். நம்மைப் போன்ற வெளிநாட்டவரின் அமெரிக்கப் பங்குகள் 60,000 அமெரிக்க வெள்ளியைத் தாண்டினால், நாம் இறந்தபின் அந்தச் சொத்துக்கும் அங்கே வரி உண்டு. இதை என் மனைவிக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன்.