சுடோகுவைக் காதால் போடுவது எப்படி?

பார்வை இருந்த காலத்தில் நாளிதழில் வரும் சுடோகுவைத் தினமும் ரயிலிலேயே முடித்துவிடுவேன். 34 வயதில் கண்ணழுத்த நோய் பார்வையை முழுதாக எடுத்துக்கொண்டது. இனி இது நமக்கில்லை என்று சுடோகுவையும் அதோடு கைகழுவிவிட்டேன். மறுபடி பிடிக்க ஐந்து வருடம் ஆயிற்று. இடைஞ்சல் கணக்கில் இல்லை; சுடோகுவில் கூட்டலே கிடையாது. நினைவாற்றலிலும் இல்லை. எல்லாம் அந்த மூன்றுக்கு மூன்று பெட்டியால் வந்தது. கண் அதை ஒரே வீச்சில் பார்த்துவிடும். அம்புக்குறி விசைகளுக்கோ வரியும் பத்தியும்தான் தெரியும், பெட்டி தெரியாது.

விதிமுறை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எக்செல்லும் என்விடிஏ திரைவாசிப்பானும் இருந்தால் போதும், என்விடிஏ இலவசம். பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர்கள் கணக்குப் போடும் துளைப் பலகையான டெய்லர் பிரேமில் உலோக அச்சுகளை நட்டுப் போடலாம், அருமையாக வரும். பிரெயில் தாளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் புள்ளியைத் தேய்த்து அழிக்க வேண்டும். அதுவும் பிரெயில் சிலேட்டில் (புள்ளி குத்தும் சட்டம்) வலமிருந்து இடமாகக் குத்தும்போது 5-ம் 9-ம் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், 4-ம் 6-ம் அப்படியே. புதிதாகப் பிரெயில் கற்றவர் குழம்பியே தீருவார்.

1. சிறியதில் தொடங்குங்கள். நான்குக்கு நான்கு கட்டம், 1 முதல் 4 வரை எண்கள், இரண்டுக்கு இரண்டு பெட்டிகள். முதல் தாளில் ஏ1 கட்டத்திலிருந்து இப்படி அடியுங்கள்:

1 0 3 0
0 4 0 2
0 1 0 3
4 0 2 0

காலிக் கட்டங்களில் 0 போடுவது முக்கியம். எதுவும் போடாமல் விட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று காதுக்குத் தெளிவாக வராது. பூஜ்ஜியம் என்று கேட்டால் இடம் காலி என்று உடனே புரியும்.

2. பெட்டிகளை வரிகளாக்குங்கள். என்னை மாதக்கணக்கில் இழுத்தடித்த இடம் இதுதான். ஒவ்வொரு பெட்டியையும் தெரிந்துகொள்ள மேலும் கீழும் ஓடி, பாதியிலேயே எங்கே நிற்கிறேன் என்பதை மறந்துவிடுவேன். ஒருநாள்தான் தோன்றியது: பெட்டியைத் தேடி நான் ஏன் போக வேண்டும்? அது ஒரு வரியாக என்னிடம் வரட்டுமே.

முதல் தாளில் ஏ1, பி1 இரண்டையும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். இரண்டாம் தாளுக்குப் போய் (கன்ட்ரோல் பேஜ்டவுன்; அந்தத் தாள் இல்லையென்றால் முதலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்) ஏ1-இல் கன்ட்ரோல் ஆல்ட் வி தட்டுங்கள். திறக்கும் சாளரத்தில் டேப் தட்டிக்கொண்டே போனால் ‘பேஸ்ட் லிங்க்’ என்ற பொத்தான் வரும், அதை அழுத்துங்கள். சாதாரணமாக ஒட்டினால் எண் மட்டும் வரும், இணைப்பு வராது. அடுத்து முதல் தாளின் ஏ2, பி2 இரண்டையும் இதே போல இரண்டாம் தாளின் சி1-இல் ஒட்டுங்கள். இப்போது இரண்டாம் தாளின் முதல் வரியே முதல் பெட்டி. மற்ற மூன்று பெட்டிகளையும் அடுத்தடுத்த வரிகளில் இறக்கினால் மொத்தம் எட்டு ஒட்டல். ஒன்பதுக்கு ஒன்பதில் மும்மூன்று கட்டமாக 27 ஒட்டல். ஒரு மாலை போகும். ஒருமுறை செய்து வெற்றுக் கோப்பாகச் சேமித்துவிட்டால் ஆயுளுக்கும் போதும்.

3. கட்டத்தின் முகவரியை வாயடைக்கச் செய்யுங்கள். என்விடிஏ எண்ணைச் சொன்ன கையோடு கட்டத்தின் முகவரியையும் சொல்லும். ‘5 பி3’ என்று கேட்டால் கட்டத்தில் இருப்பது 5-ஆ 3-ஆ என்று தலை சுற்றும். போதாததற்கு பி, சி, டி, ஈ, ஜி எல்லாம் காதில் ஒரே மாதிரி விழும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) கன்ட்ரோல் டி தட்டி, ஆவண வடிவமைப்பில் கட்ட ஆயத்தொலைவுக்கான தேர்வை எடுத்துவிடுங்கள். வழி தவறினால் கன்ட்ரோல் ஹோம் தட்டி ஏ1-இலிருந்து எண்ணிக்கொண்டு வரலாம். பேச்சு வேகத்தையும் குறையுங்கள். தமிழ்க் குரலில் ஒன்றும் மூன்றும் வேகத்தில் ஒன்றாகிவிடும்.

4. போடத் தொடங்குங்கள். முதல் வரியைக் கேளுங்கள்: ஒன்று, பூஜ்ஜியம், மூன்று, பூஜ்ஜியம். 2-ம் 4-ம் இல்லை. இரண்டாம் தாளின் முதல் வரி: ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், நான்கு. அந்தப் பெட்டியில் 4 ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே முதல் வரியின் இரண்டாம் கட்டம் 2, கடைசிக் கட்டம் 4. இரண்டையும் முதல் தாளில் அடித்துவிட்டு மறுபடி இரண்டாம் தாளுக்கு வாருங்கள். இப்போது அதே வரி ஒன்று, இரண்டு, பூஜ்ஜியம், நான்கு என்று கேட்கும். மீதி 3 என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எண்ணை அடித்துவிட்டு வெறும் என்டர் தட்டாதீர்கள், ஒரு வரி கீழே இறங்கிவிடும். கன்ட்ரோல் என்டர் தட்டினால் அதே கட்டத்தில் நிற்பீர்கள்.

5. ஒன்பதுக்கு ஒன்பதுக்குப் போகும்போது. நாளிதழில் புதிர் படமாக இருக்கும், யாராவது வாசிக்க வேண்டும். என் மகள் வரி வரியாக, காலிக்குப் பூஜ்ஜியம் வைத்து வாசிப்பாள். அடித்து முடித்ததும் கொடுத்திருக்கும் எண்களை எண்ணிப்பாருங்கள். 17-க்குக் குறைவான எண்களோடு ஒரே விடை கொண்ட சுடோகு கிடையாது என்பதை டப்ளின் கணிதவியலாளர் கேரி மெக்குவயரின் குழு கணினியால் தேடி 2012-இல் காட்டியது. உங்கள் எண்ணிக்கை 16 என்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. விடை சரியா என்று பார்க்க வரியின் கூட்டுத்தொகை 45 வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். 4-க்கும் 6-க்கும் பதில் 5, 5 என்று போட்டிருந்தாலும் 45 வரும்.

ஒரு கட்டத்தில் 2 அல்லது 7 என்று ஐயமிருந்தால் நடுவில் இடைவெளி விட்டு இரண்டையும் அடியுங்கள். சேர்த்தடித்தால் இருபத்தேழு என்று வாசிக்கும். நடுவில் சிறுகோடு போட்டுத் தொலைத்தால் எக்செல் அதைத் தேதியாக்கி, ஜூலை 2 என்று நாள் குறித்துவிடும்.

பின்சேர்க்கை: பாதிப் புதிருக்குப் பிறகு பெட்டித் தாள் மாறவே இல்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கேட்டால் மூவருமே விடையை இரண்டாம் தாளில் அடித்திருக்கிறார்கள். அடித்த கட்டத்தில் இணைப்பு அறுந்துபோகும். அந்தத் தாள் கேட்க மட்டும்தான். ‘ரிவ்யூ’ பட்டியலில் ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுத்துப் பூட்டிவிடுங்கள், கடவுச்சொல் தேவையில்லை. நானும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.