பழைய வீ கன்சோலில் ஹோம்ப்ரூ: நாண்ட் நகல்தான் முதல் வேலை

நின்டெண்டோ வீ 2006இல் வெளிவந்தது. அதன் இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கருவிக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. ஆர்வலர்கள் எழுதித் தரும் ஹோம்ப்ரூ நிரல்களை அதில் ஓட்ட ஒரு எஸ்டி கார்டும் ஒரு மாலைப் பொழுதும் போதும். திருட்டு விளையாட்டுகளுக்கு இங்கே வழி தேட வேண்டாம். நான் சொல்லித்தருவது கருவியைத் திறப்பதும், அதன் உள் நினைவகமான நாண்டை நகலெடுத்து அதைக் காப்பாற்றிக்கொள்வதும்தான்.

முதலில் உங்கள் கருவியைப் பாருங்கள். வீ செட்டிங்ஸ் திரையின் மேல் மூலையில் 4.3 என்று இருந்தால் லெட்டர்பாம் முறை (தனியாகத் தயாரித்த ஒரு கடிதத்தைக் கருவியில் பிரித்து அதைத் திறக்கும் வழி) பொருந்தும். 4.3ஐ அடுத்து வரும் எழுத்து பிராந்தியத்தைக் குறிக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீ மினியில் எஸ்டி கார்டு வாயிலே கிடையாது. வீ யூவிலும் இந்த முறை எடுபடாது.

கடிதத்தைத் தயாரித்தல்

செட்டிங்ஸில் இன்டர்நெட், அதற்குள் கன்சோல் இன்ஃபர்மேஷன். அங்கே மேக் முகவரி, அதாவது கருவியின் தனி வலையமைப்பு அடையாளம், இருக்கும். லெட்டர்பாம் தளத்தில் அந்த முகவரியையும் பிராந்தியத்தையும் கொடுத்து, ஹோம்ப்ரூவை நிறுவித்தரும் ஹேக்மி இன்ஸ்டாலரையும் சேர்த்துத் தரும் பெட்டியைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்குங்கள். ஒவ்வொரு கருவிக்கும் கடிதம் தனியாகத் தயாராகிறது. அதனால் ஒரு எழுத்து பிசகினாலும் கடிதம் கருவியில் தெரியாது. நான் முதல் முறை 8ஐ 'பி' என்று படித்துவிட்டு அரைமணி நேரம் தேடினேன்.

கார்டை ஃபேட்32 வடிவத்தில் தயார்செய்து, பதிவிறக்கிய கோப்புகளை எந்தக் கோப்புறைக்குள்ளும் போடாமல் நேரடியாக வையுங்கள். கார்டைக் கருவியில் செருகி மெசேஜ் போர்டைத் திறந்தால், வெடிகுண்டு படம் போட்ட சிவப்பு உறை தெரியும். இன்றைய தேதியில் இல்லையென்றால் நேற்றும் முந்தாநாளும் பாருங்கள்.

உறையைத் திறந்ததும் எழுத்துகள் ஓடி, ஓர் எச்சரிக்கைத் திரை வரும். இந்த மென்பொருளுக்குக் காசு கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்கிறது அது. உண்மைதான், இது இலவசம். சற்றுக் காத்திருந்து, கேட்கும்போது 1ஐ அழுத்துங்கள். ஹோம்ப்ரூ நிரல்களைத் தொடங்கும் ஹோம்ப்ரூ சேனலை நிறுவுங்கள். கருவியை அணைக்காமல் அடுத்து, நகலெடுக்கவும் மீட்கவும் உதவும் பூட்மிக்குச் செல்லுங்கள்.

நகல்

இந்த இடத்தில் அவசரமே வேண்டாம். பழைய வீ கருவிகளில் பூட்மியை பூட்2 என்ற தொடக்கப் பகுதியில் நிறுவலாம். மெனு தொடங்கும் முன்பே அது இயங்கிவிடுவதால், மெனு செத்தாலும் மீட்கலாம். பிற்காலத்தில் தயாரான கருவிகளில் அந்த வாசல் அடைபட்டுவிட்டது. அவற்றில் ஐஓஎஸ் (வீயின் உள் அமைப்பு மென்பொருள், ஆப்பிளுடையது அல்ல) ஆக மட்டுமே நிறுவ முடியும். எது சாத்தியம் என்று இன்ஸ்டாலரே சொல்லும். பூட்2 கிடைத்தால் யோசிக்காமல் அதையே தேர்ந்தெடுங்கள்.

பிறகு ஹோம்ப்ரூ சேனலில் ஹோம் பொத்தானை அழுத்தி பூட்மியைத் தொடங்குங்கள். வீ ரிமோட் இங்கே வேலை செய்யாது. கருவியின் முன்னால் உள்ள பவர் பொத்தான் தேர்வை நகர்த்தும், ரீசெட் உறுதிசெய்யும். கேம்கியூப் கட்டுப்படுத்தி இருந்தால் இன்னும் எளிது. நகலெடுக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் 512 எம்பி நாண்ட் நினைவகம் முழுவதும் கார்டுக்கு வரும். கார்டில் ஒரு ஜிபி காலியிடம் வைத்திருங்கள். இடையில் சில கெட்ட பிளாக்குகள் (பழுதான நினைவகத் துண்டுகள்) என்று காட்டினால் பதறவேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படிச் சில இருப்பது வழக்கம். சரிபார்ப்பும் முடியும்வரை பொறுத்திருந்து, வந்த நாண்ட் கோப்பையும், குறியாக்கச் சாவிகளுள்ள கீஸ் கோப்பையும் இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். இது உங்கள் கருவிக்கு மட்டுமே உரியது. இன்னொருவரின் நகல் இதை உயிர்ப்பிக்காது.

பூட்மி ஐஓஎஸ் ஆகத்தான் அமைந்ததென்றால் பிரைலோடர் என்ற மீட்பு நிரலையும் நிறுவுங்கள். ரீசெட்டை அழுத்திப்பிடித்தபடி கருவியை இயக்கினால் மெனுவுக்கு முன்பே அது திறக்கும். அங்கிருந்து ஹோம்ப்ரூ சேனலுக்குப் போய்விடலாம். வேறு பிராந்திய மெனுவையோ, புரியாத ஐஓஎஸ் கோப்புகளையோ தொடாதீர்கள். கருவி பெரும்பாலும் கல்லாவது, அதாவது இயங்காமல் போவது, அங்கேதான்.

முதல் நிரல்

கார்டில் ஆப்ஸ் என்ற கோப்புறையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் உருவாக்கி, நிரலின் கோப்புறையை அதற்குள் வையுங்கள். நான் பரிந்துரைப்பது பழைய சாகச ஆட்டங்களை ஓட்டும் ஸ்கம்விஎம். 1994இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' விளையாட்டை 2003 முதல் எவரும் இலவசமாகப் பெறலாம். அதை ஏற்றி, ரிமோட்டைத் திரையை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். மவுஸுக்காக எழுதிய ஆட்டம் சோபாவிலிருந்தே கைக்குள் வந்துவிடும்.