ஜூரித் தேர்வில் வழக்கறிஞர்கள் செய்யும் தவறுகள்

வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி; அதில் அமரும் ஒவ்வொருவரையும் ஜூரி என்றே சொல்வார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் ‘ஜூரித் தேர்வு’ என்ற பெயரே புதிய வழக்கறிஞர்களை ஏமாற்றிவிடுகிறது. அங்கே வழக்கறிஞரால் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது, அழைக்கப்பட்டு வந்தவர்களில் வேண்டாதவரை நீக்கத்தான் முடியும். ஒருவரிடம் ஒருதலைச் சார்பு வெளிப்பட்டால், காரணம் காட்டி அவரை நீக்குமாறு நீதிபதியிடம் கேட்கலாம். அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமைக்கோ வரம்பு உண்டு. மத்திய நீதிமன்றங்களில், மரண தண்டனை கோரப்படாத பெரும் குற்ற வழக்குகளில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்கு 10, அரசுத் தரப்புக்கு 6. அரிசோனா மாநிலம் 2022 முதல் இந்த உரிமையையே எடுத்துவிட்டது. ஆகவே தமக்குப் பிடித்த முகங்களோடு இனிமையாகப் பேசிக்கொண்டிருப்பவர், கவனிக்க வேண்டிய ஆளைக் கோட்டைவிடுகிறார்.

“உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா?” என்று கேட்பது அடுத்த தவறு. நீதிபதிக்கு முன்னால், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு “முடியாது” என்று யார் சொல்வார்? கொலராடோ மாநிலத்தின் பெனா ராட்ரிகஸ் வழக்கில் இந்தக் கேள்வியை எழுத்திலும் கேட்டார்கள், நேரிலும் கேட்டார்கள். ஜூரியில் அமர்ந்த எவரும் தயக்கம் காட்டவில்லை. தீர்ப்புக்குப் பிறகு இரண்டு ஜூரிகள் உண்மையைச் சொன்னார்கள்: குற்றஞ்சாட்டப்பட்டவர் மெக்சிகோக்காரர் என்பதையே காரணமாக வைத்து, ஜூரிகள் கலந்துபேசும் அறைக்குள் ஒரு ஜூரி அவருக்கு எதிராகப் பேசியிருக்கிறார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017இல்தான் ஜூரியின் அந்தப் பேச்சை விசாரிக்க வழி பிறந்தது.

“போலீஸ்காரர் சொல்வதையும் மற்றவர் சொல்வதையும் நீங்கள் எப்படி எடைபோடுவீர்கள்? ஏன்?” என்று கேளுங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள். கசப்பான பதில் வந்தால் பலர் பதறிப்போய், “ஆனாலும் சட்டப்படி நடப்பீர்கள் அல்லவா?” என்று மடக்கிவிடுகிறார்கள். அவர் தலையாட்டுவார். மனம் மாறியிருக்காது, காரணம் காட்டி நீக்கும் வாய்ப்புதான் பறிபோயிருக்கும். நன்றி சொல்லிவிட்டு, “இதே எண்ணம் வேறு யாருக்கு உண்டு?” என்று கேட்பதே என் பார்வையில் சரியான வழி. ஒருவர் மனம் திறந்தால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வரும்.

சமூக ஊடகத்தில் ஜூரியின் பொதுப் பதிவுகளைப் பார்ப்பதற்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 2014 கருத்துரை இடம் தருகிறது. நட்புக் கோரிக்கை அனுப்பக் கூடாது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, தோலைப் பார்த்து மனத்தைக் கணிப்பது. இனத்தை வைத்து ஜூரிகளை நீக்கக் கூடாது என்று பேட்சன் வழக்கில் 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; 1994இல் பாலினத்துக்கும் அந்தத் தடை வந்தது. ஆனாலும் மிசிசிப்பியில் கர்டிஸ் பிளவர்ஸ் என்ற கருப்பினத்தவரை ஒரே கொலை வழக்கில் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்திய அரசு வழக்கறிஞர், நீக்கக்கூடிய நிலையில் இருந்த 42 கருப்பின ஜூரிகளில் 41 பேர் மீது தன் நீக்கல் உரிமையைப் பயன்படுத்தினார். ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட கருப்பினத்தவர் ஐந்து பேரிடம் அவர் கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் அமர்ந்த வெள்ளையர் பதினொருவரிடம் கேட்டவை 12. இந்தக் கணக்கும் சேர்ந்துதான் 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்யக் காரணமாயிற்று. மறு ஆண்டு குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பிளவர்ஸ் அதற்குள் ஏறக்குறைய 23 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.