டயாலிசிஸும் இதயமும்: என் நோட்டில் இருக்கும் கணக்கு

டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் மாதம், யாரோ சொன்னார்கள் என்று தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை போட ஆரம்பித்தேன். ஆன்டிஆக்சிடன்ட், இதயத்துக்கு நல்லதாம். டாக்டரிடம் பெருமையாகக் காட்டியதும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அளவுக்கு மீறிய வைட்டமின் சி ஆக்சலேட் என்ற உப்பாக மாறி அங்கங்கே படிந்துவிடும்.

என் பயம் மட்டும் வீண் இல்லை. டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான். அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தமும், அதாவது தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடம்பால் அடக்க முடியாத அளவுக்குப் பெருகுவதும், ஒரு காரணம். கழிவுகள் ரத்தத்தில் தேங்குகின்றன. ரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் இழைகளில் ரத்தம் படும்போது வெள்ளை அணுக்கள் உசுப்பப்பட்டு, தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவற்றை அடக்க வேண்டிய வைட்டமின் சி அதே டயாலிசிஸில் கழுவிக்கொண்டு போகிறது. அடி வாங்குவது ரத்தக்குழாயின் உட்சுவர். அதனால் வைட்டமின் மாத்திரையே கூடாது என்றில்லை. எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நம் கையில் இருப்பது தண்ணீர்க் கணக்கு. நோட்டு ஒன்று போடுங்கள். டயாலிசிஸில் எடுக்க வேண்டிய நீரை மில்லிலிட்டரில் எழுதி, அது ஓடும் மணி நேரத்தால் வகுத்து, அதை உங்கள் எடையால் வகுங்கள். விடை 13-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. என் ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 60 கிலோ. ஒரு நாள் 3.4 கிலோ கூடிப் போயிருந்தேன். 3400-ஐ 4 மணி நேரத்தால் வகுத்தால் 850, அதை 60-ஆல் வகுத்தால் 14.2. அரை மணி நேரம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். டாக்டர் சரி என்றதும் 12.6-க்கு இறங்கியது. வேகமாக நீரை உறிஞ்சினால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் அதன் ஒரு பகுதி சற்று நேரம் மரத்துப்போகும். இப்படி அடிக்கடி நடந்தால் இதயம் பலவீனமாகிவிடும்.

தண்ணீரைக் குறைக்க முதலில் உப்பைக் குறையுங்கள். உப்பைத் தின்றுவிட்டுத் தாகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி வரும்போது இன்னும் கவனம் தேவை, இதயத்துக்கு ஆபத்து கூடுதலான நேரம் அது.

சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட் ரத்தத்தில் சேராமல் பிடித்துவைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்குங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பலனில்லை. பாஸ்பேட் ஏறினால் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும். கழுத்தில் கதீட்டர் குழாய் இருந்தால், ஃபிஸ்டுலா (கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) எப்போது போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கதீட்டரில் தொற்று வர வாய்ப்பு அதிகம், தொற்று வந்தால் உடம்பில் அழற்சி ஏறும், ஆக்சிஜனேற்றமும் கூடவே ஏறும். இரும்பு ஊசி ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டும் என்று படித்துவிட்டு அதை மறுக்காதீர்கள். உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு என்ன என்று மட்டும் கேளுங்கள். புகை? அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், மிஷின் ஓடும்போது நெஞ்சு கனத்தால் அந்த நொடியே சொல்லுங்கள். இன்னும் இருபது நிமிடம்தானே என்று ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியதைப் பார்த்து டெக்னீஷியன் ஓடி வந்தபோது, எனக்குக் குரலே எழும்பவில்லை.